என் பெயரில் ஒரு மதியச் சாப்பாடு

1

எனக்குப் பிறந்தநாள் கொண்டாடிப் பழக்கமில்லை. புனே பக்கம் தாபோடியில் எங்கள் சந்தில் பிறந்தநாள் என்பது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்கு ரிட்டயர்மென்ட் தேதி ஒன்றுதான் கணக்கு. அந்தத் தேதியும் எனக்குக் கழிந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. இப்படி நிம்மதியாக இருந்தவனைப் போன மாதம் மகள் வித்யா போனில் கூப்பிட்டுக் கலங்கடித்தாள்.

"அப்பா, இந்த சண்டே உங்க பர்த்டே நா? அண்ணா இருக்கிற ஹோம்ல லஞ்ச் புக் பண்ணிட்டேன். எல்லாருக்கும். உங்க பேர்ல."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"அரே, எதுக்குன்னா? எங்க ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. என் டீம் பூரா வருது. அண்ணாவும் குஷ் ஆயிடுவான். நீங்க டென்ஷன் எடுக்காதீங்க."

வித்யாவுக்கு ஹிஞ்சேவாடியில் ஐ.டி. கம்பெனி வேலை. போன வருஷம்தான் கல்யாணமானது. மாப்பிள்ளை மராத்திக்காரர், நல்ல பிள்ளை. அவள் செய்ததை யாரிடம் சொன்னாலும் மெச்சுவார்கள். அப்பன் பிறந்தநாளுக்கு ஓட்டலில் விருந்து வைக்காமல், அண்ணன் இருக்கிற இல்லத்தில் அத்தனை பேருக்கும் சாப்பாடு போடுகிற பெண் எத்தனை வீட்டில் இருக்கிறாள்? எனக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விஷயம் இதுதான். அந்த இல்லத்தில் யாராவது விருந்து வைக்கிற நாளில் என் மகன் செந்திலுக்கு ஒரு மாத்திரை கொடுத்துவிடுவார்கள். அது அவனை அமைதியாக உட்காரவைக்கிற மாத்திரை. அதிலிருந்து அவனைத் தப்பவைக்கத்தான் சில வருஷங்களாக ஞாயிறுதோறும் காலையிலேயே போய் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறேன். வித்யாவுக்கு இந்தக் காரணம் தெரியாது. அண்ணனுக்கு அப்பா ஊர் சுற்றிக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது விருந்தே என் பெயரில். விருந்து கொடுக்கிறவன் முன்வரிசையில் உட்கார வேண்டும். அவன் எப்படிப் பஸ் ஏறுவது?

2

கப்பலேறினவன்தான் புலம்பெயர்ந்தவன் என்று நினைக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் அரக்கோணத்தில் ரயிலேறி வந்தவன். ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர். பெயர் ஏகாம்பரம். இந்தப் பெயரை இந்த ஊரில் ஒருத்தரும் முழுசாகச் சொன்னது கிடையாது. அதனால் எல்லாருக்கும் நான் 'காகா'. ஊரில் காகா என்றால் காக்கையைக் கூப்பிடுகிறோம், இங்கே சித்தப்பாவைக் கூப்பிடுகிறார்கள்.

செந்தில் பிறந்து நடக்கவும் ஓடவும் ஆரம்பித்த பிறகும் பேசவில்லை. முகம் பார்க்கவில்லை. பிரஷர் குக்கர் விசில் அடித்தால் சிரிப்பான், நாலு பேர் கைதட்டினால் அலறுவான். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு டாக்டரம்மாதான் முதலில் ஆட்டிசம் என்ற சொல்லைச் சொன்னார். அதுவரைக்கும் எல்லாச் சீட்டிலும் மந்தபுத்தி என்றுதான் எழுதிவந்தார்கள். அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி என்று இருந்தால் பிள்ளை குழம்பிப்போகும், வீட்டிலும் வெளியிலும் ஒரே பாஷையாகப் பேசுங்கள் என்றார். அந்தக் காலத்தில் எல்லா டாக்டர்களும் இதைத்தான் சொன்னார்கள். நாங்களும் பயபக்தியோடு இந்திக்கு மாறினோம்.

என் மனைவி சரோஜாவுக்குத் தெரிந்ததெல்லாம் காய்கறி வண்டிக்காரனோடு பேரம் பேசுகிற இந்தி. அந்த இந்தியில் பெற்ற பிள்ளையைக் கொஞ்சினாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வந்துவிடும். சில வருஷம் இப்படி ஓடியது. செந்திலுக்கு இந்தி வரவில்லை. கூடவே வளர்ந்த வித்யாவுக்குத் தமிழ் அரையும் குறையுமாக நின்றுவிட்டது. இதை நான் எழுதுகிறேன், அவளால் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாது.

"ஒரு புள்ளைக்குப் பேச்சு வர்ல. இன்னொரு புள்ளைக்கு நம்ம பேச்சு வர்ல. நல்லா வைத்தியம் பாத்தாங்கோ, போ" என்பாள் சரோஜா.

செந்தில் கடைசியில் சொல்லக் கற்றுக்கொண்டது ஒரே சொல். போலாம். அதைத் தமிழில்தான் சொன்னான்.

இதற்கு நடுவே சர்டிபிகேட் கூத்து. அவனுக்குக் குறைபாடு இருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் காகிதம் வாங்க வேண்டும், வாங்கினதைச் சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்பா பெயர் என்ன என்று மராத்தியில் கேட்பார்கள். அவன் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டு நிற்பான். "இன்னும் அப்படியேதான் இருக்கானா?" என்று ஒரு குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் ஆச்சரியத்தோடு கேட்பார். குணமாயிருந்தா நான் ஏன்யா இங்க வந்து லைன்ல நிக்கறேன் என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, இந்தியில் "ஆமாம் சாப்" என்பேன்.

3

எங்கள் சந்து முடிகிற இடத்தில் ரயில் பாதை. செந்திலுக்குப் பதினெட்டு வயது நடக்கும்போது ஒரு மத்தியானம் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போனவன், தண்டவாளத்தின் நடுவிலேயே அடுத்த ஸ்டேஷனான கட்கி பக்கமாக நடந்திருக்கிறான். பாதையில் வேலை செய்துகொண்டிருந்த கேங்மேன் ஒருவர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். அதற்கப்புறம் சரோஜா முந்தானையை அவன் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் படுத்தாள். அப்போதே அவளுக்குச் சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கிக் கிடந்தது. என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட பிள்ளையை அவளால் எத்தனை நாள் இழுத்துப் பிடிக்க முடியும்?

ஏன் ஊருக்கு அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். சரோஜாவின் தம்பி அரக்கோணத்தில் வசதியாகத்தான் இருந்தான்.

"வச்சுப் பாத்துக்கலாம் மாமா. ஆனா நம்ம பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு கீறோம். வர்றவங்கோ புள்ளையப் பாத்தா இன்னா நெனைப்பாங்கோ, சொல்லு?" என்றான்.

அவன் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணமானது. பத்திரிகை வந்தது, நாங்கள் போகவில்லை.

புனேயில் நாலைந்து இல்லம் ஏறி இறங்கினேன். சின்னப் பிள்ளைகளைத்தான் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். ஓர் இடத்தில் சத்தம் போடுவானா என்று முதல் கேள்வி கேட்டார்கள். இன்னொரு இடத்தில், ஐந்தாறு பெரிய பையன்கள் வெளியே பூட்டின அறைக்குள் தரையில் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் ஹடப்சர் தாண்டி இந்த இல்லம் கிடைத்தது. அப்போது சுற்றிலும் கரும்பு. ஓட்டுக் கூரை, சாணி மெழுகின முற்றம், கொஞ்சம் பேர்தான். ஆனால் ஒரு டீச்சர் இருந்தார். சட்டைப் பட்டன் போடுவதை மட்டும் செந்திலுக்கு ஒரு மழைக்காலம் பூராவும் சொல்லிக்கொடுத்தார். தட்டு துடைக்கவும் செடிக்குத் தண்ணீர் விடவும் பழக்கினார். சாப்பாடு சுமார், துணி பழசு. இருந்தாலும் பிள்ளை காலையில் எழுந்தால் அவனுக்கு ஒரு வேலை இருந்தது. சரோஜா அந்த நிம்மதியோடு கண்ணை மூடினாள். அது ஒன்றுதான் நான் அவளுக்குக் கொடுத்தது.

4

பிறகு ஹடப்சருக்கு யோகம் அடித்தது. கரும்பு போய் அடுக்குமாடி வந்தது, கம்பெனிகள் வந்தன. கையில் காசு வந்தவர்களுக்குப் புண்ணியம் தேட இடம் வேண்டியிருந்தது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு, அப்பாவின் திதிக்கு, புது கார் வாங்கினதற்கு என்று இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடுவது வழக்கமாகிவிட்டது. வாசலில் கரும்பலகை வைத்து, இன்றைய அன்னதாதா இன்னார் என்று சாக்பீஸில் எழுதுவார்கள்.

ஓட்டுக் கூரை போய் மாடி வந்தது. தரைக்கு டைல்ஸ், சுவரில் சிரிக்கிற சூரியன். கிரானைட் பலகை, தண்ணீர்த் தொட்டி, பெஞ்சு எல்லாவற்றிலும் யாராவது ஒரு குடும்பத்தின் பெயர். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதியிருந்தார்கள். நல்லவேளை, சுற்றினால் தெரியாது. அந்த டீச்சர் மட்டும் சம்பளம் ஒழுங்காக வருகிற பள்ளிக்கூடம் பார்த்துப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆளே போடவில்லை. பெரிய டி.வி. ஒன்று வந்தது. டீச்சர் சம்பளத்தில் எந்தப் புண்ணியவானும் தன் பெயரை எழுத முடியாதே.

விருந்து நாளில் நடப்பது இது. எல்லாரையும் குளிப்பாட்டி, கூடத்தில் வரிசையாக உட்காரவைப்பார்கள். கைகூப்பி ஒரு சுலோகம். வந்தவர்கள் கேக் வெட்டுவார்கள். பாட்டு, அப்புறம் கைதட்டல். அந்தச் சத்தத்தில் செந்தில் காதைப் பொத்திக்கொண்டு மணிக்கட்டைக் கடிப்பான். ஒருநாள் கடித்தும் அடங்காமல் மேஜையைத் தள்ளிவிட்டான். கேக்கோடு மெழுகுவத்தியும் தரையில். பிறந்தநாள் குழந்தை வீல் என்று கத்தி, வந்தவர்கள் பாதியில் கிளம்பிப்போனார்கள்.

மறுநாள் நிர்வாகி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதரில்லை. எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"உங்க பிள்ளையைக் குறை சொல்லவில்லை காகா. இவங்க வந்தால்தான் இங்கே அடுப்பு எரியும். அரசாங்கப் பணம் எப்போ வரும்னு எனக்கே தெரியாது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதியிருக்கார். விருந்து நாளில் மட்டும் கொடுத்திடறோம்."

"அவனை மட்டும் அறையிலேயே விட்டுடக் கூடாதா சார்?"

"தனியா விட்டா பார்த்துக்க ஆள் வேணுமே. மாவ்ஷிங்க எல்லாரும் பரிமாற நிக்கணும். அதோட, வர்றவங்க தலையை எண்ணுவாங்க. இத்தனை பேருக்குச் சாப்பாடு சொன்னோமே, மத்தவங்க எங்கேன்னு கேட்பாங்க. வேணும்னா நீங்க வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. அப்போ மாத்திரை வேண்டாம்."

மாவ்ஷி என்றால் சித்தி. இங்கே ஆயாக்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த மாத்திரை போட்டால் செந்தில் வாயிலிருந்து எச்சில் வழியும். மறுநாளும் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடப்பான். தானே பட்டன் போட்டுக்கொள்கிறவன், மாவ்ஷி முன்னால் நெஞ்சை நீட்டிக்கொண்டு நிற்பான். கூடத்தில் இருக்கிறவர்கள் மட்டும், எவ்வளவு சமத்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்போது ஆரம்பித்ததுதான் பஸ். தாபோடியிலிருந்து லோக்கல் ரயில், புனே ஸ்டேஷனில் இறங்கி ஹடப்சர் பஸ். அவனைக் கூட்டிக்கொண்டு ஸ்வார்கேட் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து எது முன்னால் நிற்கிறதோ அது. கண்டக்டர் டிக்கெட் துளைபோடுகிற இரும்பை டக் டக் என்று அடித்துக்கொண்டு வந்தால் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கியதும் "போலாம்" என்பான். போவோம். டெப்போ நிழலில் தயிர்சாதம் சாப்பிடுவோம். எங்கே போகிறோம் என்பது முக்கியமில்லை, விருந்து முடிகிறவரை வண்டி ஓடிக்கொண்டிருந்தால் சரி. ஆனால் இப்போது சனிக்கிழமையும் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். என் முழங்கால் இரண்டு நாள் ஓட்டத்தைத் தாங்காது. டாக்டர் ஆபரேஷன் என்கிறார். சனிக்கிழமை அவனுக்கு மாத்திரைதான்.

வித்யாவிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் சண்டைக்குப் போவாள். சின்ன வயதிலேயே அப்படித்தான். அண்ணனைப் போலச் செய்துகாட்டிச் சிரித்த பையனின் சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு, அவன் அம்மா வந்து கேட்டபோது, "ஆமா, நான்தான்" என்று இடுப்பில் கைவைத்து நின்றவள். நிர்வாகி அறையில் போய் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவாள். மறுநாளே செந்திலின் பெட்டி வராந்தாவுக்கு வந்துவிடும். அந்தப் பெட்டியையும் அவனையும் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன், தண்டவாளத்துக்குப் பக்கத்து வீட்டுக்கா?

5

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட முந்தி, முதல் ரயிலிலேயே கிளம்பினேன். அன்னதாதா காணாமல் போனால் போகட்டும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடுவது என்று முடிவு. வித்யா நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாசல் கரும்பலகையில் என் பெயர் அழகாக எழுதியிருந்தது. மாவ்ஷி ஓடிவந்து பிறந்தநாள் வாழ்த்து சொன்னாள். வயதான பெண்பிள்ளை. செந்திலை இத்தனை வருஷம் குளிப்பாட்டினவள்.

"இன்னிக்கு நீங்க கவலையே படாதீங்க காகா. டீயோடவே கொடுத்துட்டேன். உங்க வீட்டு விருந்தாச்சே, ஒண்ணும் கெட்டுப்போகக் கூடாதுன்னு அரை கொடுக்கிற இடத்துல முழுசாவே கொடுத்தேன்."

அவள் என் முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தாள். நான் தலையாட்டினேன்.

மதியம் வித்யாவின் ஆபீஸ் வண்டிகள் வந்து நின்றன. எல்லாரும் ஒரே மாதிரி டி-ஷர்ட், கையில் பலூன். நல்ல பிள்ளைகள், ஒருத்தரையும் குறை சொல்ல முடியாது. எனக்கு மாலை போட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சுலோகம் முடிந்தது. கேக் வெட்டினேன். கூடமே அதிர்கிற மாதிரிக் கைதட்டினார்கள். செந்தில் காதைப் பொத்தவில்லை. கண் பாதி மூடி, கை இரண்டும் மடியில் கிடக்க உட்கார்ந்திருந்தான். என் பிள்ளை அலற மாட்டானா என்று அந்த நேரத்தில் ஏங்கினேன்.

வித்யா அவனுக்குக் கேக் ஊட்டினாள். கேக் வாயிலேயே நின்றது. கிரீம் மோவாயில் வழிந்தது.

"அப்பா, அண்ணா ஏன் இப்படி இருக்கான்? ஃபீவரா?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த மாவ்ஷி சொல்லிவிட்டாள். "பார்ட்டி இருக்கு நா தாயி? கோலி, அந்த மாத்திரை, கொடுத்திருக்கு. பார்ட்டி அன்னிக்கு எப்பவும் கொடுக்கிறதுதான்."

வித்யா டி-ஷர்ட் நுனியால் அண்ணன் வாயைத் துடைத்தாள். வாய்க்குள் விரல் விட்டு மிச்சக் கேக்கை எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எவ்ளோ நாளா?"

"ரொம்ப நாளா."

"அதான் நீங்க சண்டே சண்டே பஸ்ல..."

"ஆமாம்மா."

விருட்டென்று எழுந்து நிர்வாகி அறைக்கு நடந்தாள். நான் மாலையைக் கழற்றிவிட்டு, முழங்காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பயமாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், அந்தப் பயத்துக்கும் அடியில் ஒரு சந்தோஷம். யாராவது ஒருத்தராவது வாய்விட்டுக் கேட்கப்போகிறார்கள் என்று.

அவள் நின்றபடியே இந்தியில் கேட்டாள். "என் அண்ணனுக்கு அந்த மாத்திரை இல்லாம பார்த்துக்க முடியாதா சார்?"

நிர்வாகி கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார். "எனக்கு மட்டும் ஆசையா மேடம்? அவனுக்குன்னு தனியா ஓர் ஆள் வேணும், இங்கே இல்லை. உங்க வீட்டில் ஆள் இருந்தா இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க, சந்தோஷமா அனுப்பி வைக்கிறேன். இந்த வயசுப் பசங்களை எடுத்துக்கிற வேற இடம் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. தினம் ரெண்டு பேர் வந்து அழுதுட்டுப் போறாங்க."

வித்யா உட்காரவில்லை. இருட்டோடு கம்பெனி வண்டியில் கிளம்பி இருட்டின பிறகு திரும்புகிறவள். மாமியார் மாமனாரோடு எட்டாவது மாடியில் வீடு. பால்கனியில் இடுப்பளவுக்குத்தான் கம்பி. அவள் கண் என் முகத்துக்கு வந்தது, அங்கிருந்து என் முழங்காலுக்குப் போனது. எனக்கப்புறம் இந்த அறையில் வந்து நிற்கப்போகிறவள் தான்தான் என்பதை அவள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. கூடத்தில் போட்டோ எடுக்கிறார்கள் போலிருக்கிறது, மறுபடி கைதட்டினார்கள்.

"சாரி சார். சும்மா கேட்டேன்" என்றாள்.

நிர்வாகி பரவாயில்லை என்று கையசைத்தார். வாசல்வரை வந்தவள் திரும்பினாள்.

"சார், அடுத்த வருஷமும் இதே நாளை எங்களுக்கே வச்சிடுங்க. தீபாவளி சமயத்துல இன்னொண்ணு. எங்க ஆபீஸ்ல வேற டீம்காரங்களையும் கூட்டிட்டு வர்றேன்."

நிர்வாகி எழுந்து நின்று கைகூப்பினார். வித்யாவும் கூப்பினாள்.

எங்கே சண்டை போட்டுவிடுவாளோ என்று பயந்துதான் இத்தனை வருஷம் அவளிடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். போட்டிருக்கலாம்.